எதிர் வீட்டு டீக்கன்

டேட்டன், ஒஹையோ
செப்டம்பர் 9, 1997

திரு. ஹோய்ட் பர்னெல் அவர்களுக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அது இல்லாமலே எழுதுகிறேன்.

பிளாக் கிரீக் சாலையில் நீங்களும் நானும் முப்பது வருடமாக எதிரெதிர் வீடு. உங்கள் மனைவி படுத்த படுக்கையாக இருந்தபோது உங்களுக்குச் சோறு போட்டவள் நான். அதற்கு நீங்கள் செய்த கைமாறு, ஒஹையோவில் இருக்கும் என் மகள் டெனீஸுக்குப் போன் போட்டு, "உங்கம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னது. அவள் வந்தாள். கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என் கார் சாவி, வீட்டுச் சாவி இரண்டும் இப்போது அவள் கைப்பையில் இருக்கின்றன. உங்களுக்குத் திருப்திதானே?

அன்று காலை நான் நைட்டியோடு என் வீட்டுப் பலகைத் தரைக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். உண்மைதான். கையில் டார்ச் இருந்தது. "டீக்கன், டீக்கன், வெளிய வாடா கண்ணு" என்று கூப்பிட்டேன். அதுவும் உண்மை. நீங்கள் நம் சர்ச் சபையில் டீக்கன் பதவியில் இருப்பதும் ஊரறிந்த விஷயம். ஆனால் ஐயா, நான் உங்களைக் கூப்பிடவில்லை. உங்களைக் 'கண்ணு' என்று கூப்பிடும் அளவுக்கு எனக்கு எதுவும் பேதலிக்கவில்லை. டீக்கன் என்பது என் பாம்பு.

ஆமாம், பாம்பு. விஷமில்லாத சோளப் பாம்பு. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேலையை விட்டுப் போகும்போது, கண்ணாடித் தொட்டியோடு யாருக்காவது கொடுக்க அலைந்தாள். நான் பஸ் ஓட்டிய கடைசி வாரம் அது. மற்றவர்களுக்கெல்லாம் கேக் கொடுத்து அனுப்புவார்கள். எனக்குப் பாம்பு கிடைத்தது. ஒரு வருடமாக வளர்க்கிறேன். உங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நீங்கள் எப்படி ஆடுவீர்கள் என்று தெரியும்.

டெனீஸ் வந்ததும் ஃப்ரீசரைத் திறந்தாள். பட்டர் பீன்ஸ் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துப் பார்த்து அலறினாள்.

"அம்மா, என்னம்மா இது?"

"எலி."

"எலி எதுக்கு?"

"டீக்கனுக்கு."

நீங்கள் ஏற்கெனவே போனில் என்ன ஓதியிருந்தீர்களோ, அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மிஸ்டர் பர்னெலுக்கு எலி சமைச்சுக் குடுக்கிறியாம்மா?" என்றாள். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. காலித் தொட்டியைக் காட்டினேன். "மூடியைத் திறந்து போட்டுட்டு மறந்திருக்க" என்றாள். நான் மறக்கவில்லை. மூடினேன். கிளிப் போட்டேன். இதை இங்கே யாரும் நம்புவதில்லை.

கார் கிளம்பும்போது உங்கள் வேலியைப் பார்த்தேன். கம்பியில் சிவப்பாக ஒரு பாம்பு தொங்கியது. செத்த பாம்பைத் தொங்கவிட்டால் மழை வரும் என்பார்களே, அதற்காகவா தொங்கவிட்டீர்கள்? அது என் டீக்கன். நீங்கள்தான் கொன்றீர்கள்.

வெர்லீன் ஸ்டப்ஸ்


பிளாக் கிரீக் சாலை, தென் கரோலினா
செப்டம்பர் 15, 1997

மிஸ் வெர்லீன்,

உங்கள் கடிதம் வந்தது. நின்றபடியே இரண்டு முறை படித்தேன். உட்காரக்கூட முடியவில்லை, அவ்வளவு கோபம்.

முதலாவது, நான் கொன்றது காப்பர்ஹெட். விஷப் பாம்பு. என் நாயை ஆறு வருடத்துக்கு முன்னால் கடித்துக் கொன்ற அதே ஜாதி. எனக்குக் காப்பர்ஹெட் தெரியும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மண்வெட்டி பிடித்துப் பாம்பு அடித்தவன் நான். பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஓட்டிய அம்மாள் எனக்குப் பாம்பு சொல்லித் தர வேண்டாம்.

இரண்டாவது, உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, பாம்புக்கு டீக்கன் என்று வைத்தது யாரைக் கேலி செய்ய? போன வருடம் சபைத் தோட்டத்தில் நீங்கள் ட்ரம்ஸ் வாசிக்கும் பையன்களைக் கூட்டி வந்ததற்கு நான் எதிர்த்துப் பேசினேன். அந்த வாரம்தான் பெயர் வைத்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, போன். நீங்கள் என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? காலை நேரம். பெண்பிள்ளை நைட்டியோடு தரையில் கிடந்து, டீக்கன், கண்ணு, வெளியே வா என்று கூப்பிடுகிறாள். நான் மனைவியை இழந்தவன், தனி ஆள். தபால்காரர் வரும் நேரம். அந்தக் கோலத்தில் உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் ஊர் என்ன பேசியிருக்கும்? ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பிறகு போனை எடுத்தேன். கிறிஸ்தவனாக என் கடமையைச் செய்தேன்.

உங்களுக்கு உடம்பு சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இந்த மனநிலையில் ஜெபிப்பது எனக்குச் சுலபமில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஹோய்ட் பர்னெல்

உங்கள் எழுத்து ஒரு வரி மேல் ஒரு வரி ஏறிக் கிடக்கிறது. டெனீஸ் வீட்டு மேஜை சாய்வாக இருக்கிறதா?


டேட்டன்
செப்டம்பர் 20, 1997

திரு. பர்னெல்,

மேஜையெல்லாம் நேராகத்தான் இருக்கிறது.

உங்கள் வேலிக்குப் போங்கள். பாம்பு இன்னும் தொங்கினால் அதைத் திருப்பி வயிற்றைப் பாருங்கள். உங்கள் வீரத்துக்கு அது பெரிய வேலை இல்லை, செத்ததுதானே. காப்பர்ஹெட்டுக்கு வயிறு மங்கலாக இருக்கும். சோளப் பாம்புக்கு வயிறு முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக, செக்கர்ஸ் விளையாடும் பலகை மாதிரி இருக்கும். குழந்தைகூடத் தவறாகச் சொல்லாது.

பார்த்துவிட்டு எழுதுங்கள். கடமையைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

வெ. ஸ்டப்ஸ்


பிளாக் கிரீக் சாலை
செப்டம்பர் 26, 1997

மிஸ் வெர்லீன்,

பார்த்தேன். கட்டம்தான்.

அத்தி மரத்துக்குக் கீழே புதைத்துவிட்டேன்.

ஹோய்ட் பர்னெல்


டேட்டன்
அக்டோபர் 1, 1997

ஹோய்ட்,

இத்தனை வருடம் கொடுத்த மரியாதையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். 'நீங்கள்' இனி கிடையாது உனக்கு.

"கட்டம்தான்." அவ்வளவுதான் எழுத முடிந்ததா? சபையில் நன்றி சொல்ல எழுந்தால் முக்கால் மணி நேரம் உட்கார மாட்டாய். ஒரு உயிரைக் கொன்றதற்கு ஒரு வார்த்தை.

நீ எதைக் கொன்றாய் என்று கேட்டுக்கொள். அது வந்த முதல் நாள் வாலைத் தொட்டிச் சுவரில் வைத்து டப டபவென்று அடித்தது. எனக்குப் பயம். ஓவன் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே கை விட்டேன். அது அந்தக் கையுறையைப் பார்த்துத் தொட்டி மூலைக்கு ஓடி ஒளிந்தது. எனக்கு அதைக் கண்டு நடுக்கம், அதற்கு என்னைக் கண்டு நடுக்கம். ஒரு வாரம் தொடாமலே விட்டேன். தண்ணீர் மாற்றுவேன், பேசாமல் வந்துவிடுவேன். பிறகு வெறும் கையால், மேலிருந்து பாயாமல் பக்கவாட்டில் கொண்டுபோய், நடு உடம்பில் மெதுவாக எடுத்தேன். இறுக்கிப் பிடிக்கவில்லை. கை ஒரு கிளை மாதிரி இருந்தால் போதும். அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. குளிர்ச்சியாகவும் இல்லை, வழவழவென்றும் இல்லை. புதுப் பெல்ட் மாதிரி இருந்தது. அன்று நான் சமையலறையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

அதற்கு என்மேல் பிரியம் என்று நான் சொல்லவே மாட்டேன். பாம்புக்கு யார் மேலும் பிரியம் வராதாம். என்னைக் கண்டு பயப்படாமல் இருந்தது. ஒரு வருடம் கஷ்டப்பட்டு அந்தப் பயத்தைப் போக்கினேன். அந்தப் பழக்கத்தில்தான் நீ வந்தபோதும் ஓடாமல் கிடந்திருக்கும். நீ வெட்டினாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். நைட்டியாம், தபால்காரராம். உன் வீட்டு வாசலுக்கும் என் வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு தார் ரோடு. அதைத் தாண்டி வந்து, "வெர்லீன், என்ன பண்றே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எட்டு மணி நேரத் தொலைவில் இருப்பவளைக் கூப்பிட முடிந்தது, எதிரில் இருப்பவளைக் கேட்க முடியவில்லை. உன் கூச்சத்துக்கு நான் என் வீட்டை விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

இனி எனக்கு எழுதாதே.

வெர்லீன்


பிளாக் கிரீக் சாலை
அக்டோபர் 7, 1997

மிஸ் வெர்லீன்,

எழுதாதே என்றீர்கள். எழுத எனக்கும் ஆசையில்லை. வேறு வழியில்லை.

உங்கள் பாம்பு என் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது.

நேற்று பின்வராந்தாவில் விழுந்த காலுறையை எடுக்கக் குனிந்தேன். சூடான குழாயைச் சுற்றிக்கொண்டு சிவப்பாக ஒன்று என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. நான் போட்ட சத்தத்தை நீங்கள் ஒஹையோவிலேயே கேட்டிருக்கலாம். மண்வெட்டியை எடுத்தேன். ஓங்கியும்விட்டேன். அப்போது அது குழாயில் ஏறத் திரும்பியது, வயிறு தெரிந்தது. கட்டம்.

மண்வெட்டியை ஓங்கியபடியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கை வலித்த பிறகுதான் இறக்கினேன். துணி துவைக்கும் தகரத் தொட்டியை அதன்மேல் கவிழ்த்து, மேலே காரின் பழைய பேட்டரியை வைத்திருக்கிறேன். காற்று போக ஒரு ஓரத்தில் மரத்துண்டு கொடுத்திருக்கிறேன், மெல்லியதுதான்.

ஆகவே அத்தி மரத்துக்குக் கீழே இருப்பது உங்களுடையது இல்லை. காட்டிலிருந்து வந்த வேறு ஒன்று. நீங்கள் என்னைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மீதிப் பாதியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு தடவை போன் செய்தேன். டெனீஸ்தான் எடுத்தாள். "அம்மா தூங்குறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். மத்தியானத்தில் தூங்குகிற ஆளா நீங்கள்?

சீக்கிரம் யாரையாவது அனுப்பி இதை எடுத்துப் போகச் சொல்லுங்கள். எனக்குத் துணி துவைக்க வேண்டும்.

ஹோய்ட் பர்னெல்


டேட்டன்
அக்டோபர் 11, 1997

ஹோய்ட்,

நான் அழவில்லை. டெனீஸ் கேட்டால் ஜலதோஷம் என்று சொல்லியிருக்கிறேன்.

அனுப்ப எனக்கு யார் இருக்கிறார்கள்? நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னை இங்கே அனுப்பியவன் நீ. நான் செய்துகொண்டிருந்த வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது, சரிதான். முனகாமல் படி.

என் பம்பு ஷெட்டில் காபி டப்பாவுக்குள் இன்னொரு வீட்டுச் சாவி இருக்கிறது. டெனீஸுக்குத் தெரியாது. தொட்டி, சூடு கொடுக்கும் பட்டை, ஒளிந்துகொள்ளும் மரப் பெட்டி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் உன் வீட்டுக்குக் கொண்டு போ. சூட்டுப் பட்டை ஒரு பக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும். மறு பக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும். எங்கே படுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

எடுக்கும்போது கையுறை போடாதே. தலைக்கு மேலே கையைக் கொண்டு போகாதே. பருந்து வந்து கவ்வுகிறது என்று நினைக்கும். பிடிக்காதே, தாங்கு. வித்தியாசம் உனக்குப் புரியாது என்று தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். சோப்புப் போட்டுக் கை கழுவு. எலி வாசனையோடு போனால் உன் விரலை எலி என்று நினைக்கும்.

எலி உறைந்ததாக இருக்க வேண்டும். வெந்நீரில் போட்டு இளக்கு. மைக்ரோவேவில் வைத்தால் வெடித்து, சமையலறையைத் துடைத்தே உன் மிச்ச நாள் போகும். இடுக்கியில் பிடித்துக் காட்டு, அதுவே வந்து எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் இரண்டு நாள் தொடாதே. இது ரொம்ப முக்கியம். தொடாதே.

அதற்கு ஏதாவது ஆனால், நடந்தே வந்து உன் கதவைத் தட்டுவேன். என்னால் முடியும்.

பெயரைப் பற்றிக் கேட்டாய். ஆமாம், அந்த வாரம்தான் வைத்தேன்.

வெர்லீன்


பிளாக் கிரீக் சாலை
அக்டோபர் 20, 1997

மிஸ் வெர்லீன்,

பொறுமையாகப் படியுங்கள். நிறைய நடந்துவிட்டது. எல்லாமே எனக்கு எதிராக.

தொட்டி என் பின்வராந்தாவில் இருக்கிறது. கையுறை போடாமல் எடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வெல்டிங் கையுறை போட்டு எடுத்தேன். அது வாலை அடித்தது, நான் தொட்டியை விட்டு எகிறினேன். இப்படியே ஒரு காலை முழுக்க நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டிருந்தோம். மறுநாள் வெறும் கையோடு போனேன். கண்ணை மூடிக்கொண்டேன். அது வந்தது. என் சட்டைக் கைக்குள் புகுந்து தோள் வரை போய் அங்கேயே இருந்துகொண்டது. வெளியே இழுத்தால் வலிக்குமோ என்று சட்டையைக் கழற்றினேன். அந்தக் கோலத்தில் எலக்ட்ரிக் மீட்டர் பார்க்க வந்தவன் என்னைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல தம்பி, நீ மீட்டரைப் பாரு" என்றேன். இனி ஊரில் என்ன பேசுவார்களோ.

எலி வாங்க டவுனுக்குப் போனேன். மீனும் கிளியும் விற்கும் அந்தக் கடையில் கர்ட்டிஸும் நம் சபை ஆட்கள் இரண்டு பேரும் நின்றார்கள்.

"என்ன டீக்கன், எலி புடிக்கப் பொறி வேணுமா?"

"பொறி வேணாம். எலிதான் வேணும்."

"உசுரோடயா, செத்ததா?"

"செத்தது. ஐஸ்ல வெச்சது."

"சபை விருந்துக்கா?" என்றான் கர்ட்டிஸ். கடையே சிரித்து உருண்டது. சிரிக்கட்டும். ஆனால் அப்போது ஒன்று தோன்றியது. உங்களைப் பற்றிக் கேட்டபோதும் இவர்களெல்லாம் இப்படித்தான் சிரித்தார்கள். சபைப் பந்தியில் நின்று அந்தக் கதையைச் சொன்னதே நான்தான். சொன்னபோது சுவையாகத்தான் இருந்தது.

எலியைத் தின்றது. அரை மணி கழித்துச் சரியாக விழுங்கியதா என்று தூக்கிப் பார்த்தேன். என் மடியில் அப்படியே கக்கிவிட்டது. அந்த நாற்றத்தை இந்தக் காகிதத்தில் எழுத முடியாது. தொடாதே என்று நீங்கள் இரண்டு முறை எழுதியிருந்தீர்கள். நான் மறக்கவில்லை. நம்பவில்லை, அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயம். போன வியாழன் தொட்டியை மூடினேன். என் கையால். நான்கு கிளிப்பையும் மாட்டினேன், இழுத்துப் பார்த்தேன். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு காபி குடித்தேன். பட்டப்பகல். அது மூக்கை வைத்து மூடியின் ஒவ்வொரு மூலையாக அமுக்கிப் பார்த்தது. பின் மூலையில் கம்பி வலை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அங்கே தலையை வைத்து ஒரே தள்ளு. கிளிப் அப்படியே இருக்க, மூலை மட்டும் தூக்கிக்கொண்டது. தண்ணீர் ஊற்றுவது மாதிரி வெளியே வழிந்து வந்தது. காபி கையிலேயே ஆறிப்போனது. பிறகு அதை எடுத்துத் திரும்ப உள்ளே விட்டு, மூடிமேல் அந்தப் பழைய பேட்டரியை வைத்தேன்.

நீங்கள் மூடியிருந்தீர்கள். கிளிப்பும் போட்டிருந்தீர்கள். மறக்கவில்லை.

உடனே டெனீஸுக்குப் போன் செய்து சொன்னேன். "மூடி இறுக்கமாத்தாம்மா இருந்துச்சு, உங்கம்மா சொன்னது அத்தனையும் நெசம்" என்றேன்.

அவள் கேட்டாள்: "மிஸ்டர் பர்னெல், அந்தப் பாம்பு இப்ப உங்க வீட்டுலயா இருக்கு?"

"ஆமாம்மா."

"அதை நீங்களும் டீக்கன்னுதான் கூப்பிடுறீங்களா?"

"அதாம்மா அதோட பேரு" என்றேன். அவள் நீளமாக மூச்சு விட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரு டாக்டரைப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். போனில் கெடுக்க ஒரு நிமிடம் ஆனது. போனில் சரி செய்ய முடியவில்லை.

கடைசியாக ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். முந்தாநாள் உங்கள் வீட்டு முற்றத்தில் டை கட்டிய ஒரு ஆள் அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்தான். விற்பனைக்கு என்று பலகை நட வந்தவன். "யாரு உன்னை வரச் சொன்னது?" என்று கேட்டேன். "ஒஹையோல இருக்கிற மக" என்றான். "வீட்டுக்காரி உசுரோட இருக்கா, அவ சொன்னாளா?" என்றேன். வேலையைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னான். அதைத்தான் இந்த முறை நான் செய்யவில்லை. அவன் பலகையைத் திரும்ப காரில் ஏற்றும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

உங்களுக்குத் தெரிந்துதான் நடக்கிறதா இது?

ஹோய்ட் பர்னெல்


டேட்டன்
அக்டோபர் 28, 1997

ஹோய்ட்,

எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். "இதை வாசி" என்றேன் டெனீஸிடம். வாசித்தாள். முகம் சிவந்தது.

"அம்மா, எல்லாம் உனக்காகத்தாம்மா."

"எனக்காகன்னா எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா வேணாம்ப."

"வேணாம்னு சொல்லத்தான் எனக்கு வாய் இருக்கு."

ஒரு தட்டு உடைந்தது. நான்தான் உடைத்தேன். வேண்டுமென்றே இல்லை. இதை எழுதத்தான் இத்தனை நாள் பிடித்தது. தட்டு மேஜையின் விளிம்பில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

என் எழுத்து ஏன் ஏறிக் கிடக்கிறது என்று கேட்டாயே. எனக்கு நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நேராகப் பார்த்தால் புகை. ஓரமாகப் பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது. இங்கே டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, திரும்ப வராது என்று சொல்லிவிட்டார். ஒரு வருடத்துக்கு மேலாகவே இருக்கிறதாம். எனக்குத் தெரியும். அதனால்தான் பஸ்ஸை விட்டேன். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டும் வண்டி. யாரிடமும் காரணம் சொல்லவில்லை. என் காரை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன், அது தப்புத்தான்.

அதனால் டெனீஸ் சொல்வது முழுக்க அபத்தம் இல்லை. எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். அவள் தவறான காரணத்துக்காகச் சரியான சாவியைப் பிடுங்கிவிட்டாள். உன்மேல் கோபப்படுவது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உன்னைத் திட்டலாம். கண்ணை யார் திட்டுவது? கண்ணாடிக்கு முன்னால் நின்றால் என் முகம் இருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. யார் மேல் கோபப்படுவது, சொல்.

டெனீஸிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அழுதாள். "ஏம்மா எங்கிட்ட மறைச்ச?" என்று என்னைத் திட்டினாள். நன்றாகத் திட்டுகிறாள், என் மகள்தான். ராத்திரி சாப்பிடவில்லை இருவரும். காலையில் பேசினோம். கார் சாவி அவளிடமே இருக்கும். வீடு விற்பனைக்கு இல்லை. தினமும் யாராவது வந்து பார்க்க வேண்டும் என்றாள். "எதிர் வீட்டுல ஒருத்தன் இருக்கான். எட்டிப் பாக்குறதுல கெட்டிக்காரன்" என்றேன்.

எட்டாம் தேதி சனிக்கிழமை அவளே என்னைக் கொண்டு வந்து விடுகிறாள்.

டீக்கனைப் பற்றி. கக்கிய பிறகு பத்துப் பன்னிரண்டு நாளாவது பட்டினி போடு. பிறகு சின்ன எலியாகப் பார்த்துக் கொடு. கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். நான் வருவதற்குள் அதை என் வீட்டில் அதன் இடத்தில் வைத்துவிடு. எனக்கு அதை எடுக்கக் கண் வேண்டாம். தோல் உரிக்கப் போகிறதா, பசியா, பயமா எல்லாம் கைக்கே தெரியும். இந்த வருடம் முழுக்க நான் அப்படித்தான் அதை வைத்திருந்தேன். உனக்குச் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்து எதையும் சமைத்து எடுத்துக்கொண்டு வராதே. பாஸ்டரையும் கூட்டி வராதே. சபைப் பந்தியில் என்னைப் பற்றிச் சிரித்தாயே, அதே பந்தியில் எழுந்து நின்று மூடியைப் பற்றிச் சொல். பெயர் சொல்லிச் சொல்.

வெர்லீன்


பிளாக் கிரீக் சாலை
நவம்பர் 3, 1997

மிஸ் வெர்லீன்,

நேற்று ஆராதனை முடிந்து எல்லோரும் தட்டு பிடித்து நிற்கும்போது சொன்னேன். மூடி, கிளிப், தளர்ந்த மூலை, நான் போன் செய்தது, எல்லாம். கர்ட்டிஸ் நடுவில் எலி ஜோக் ஒன்றை ஆரம்பித்தான். "நீ கொஞ்சம் சும்மா இரு" என்றேன். சபையில் இதுவரை நான் யாரையும் அப்படி அதட்டியதில்லை. எல்லோரும் சாப்பிடாமல் நின்றார்கள். கண்ணைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது உங்கள் விஷயம்.

உங்கள்மேல் எனக்கும் கோபம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன், பிறகு பேச்சில் வராது. பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று எதிர் வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ரோட்டைத் தாண்டவில்லை என்று கடிதத்தில் அவ்வளவு திட்டினீர்கள். நீங்கள் மட்டும் தாண்டினீர்களா? ஒரு வருடம் அந்த ரோட்டில் கார் ஓட்டினீர்கள். நான் தினம் அங்கேதான் நடப்பேன். இதற்கு நேரில் வந்து பதில் சொல்லுங்கள்.

சனிக்கிழமை சின்ன எலி கொடுத்தேன். தின்றது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளேயே இருந்தது. தொட்டி மூடிக்குப் புது வலை அடித்து, கீலும் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறேன். தாழ்ப்பாள் முன்பக்கம், உங்கள் வலது கைக்கு நேராக. திறந்தால் க்ளிக் என்று நன்றாகக் கேட்கும்.

இன்று காலை தொட்டியை உங்கள் வீட்டில் கொண்டு போய் வைத்தேன். மிச்ச எலிப் பொட்டலத்தை உங்கள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அந்தக் கையோடு அவனை எடுத்து உள்ளே விடப் போனேன். கழுவவில்லை. நீங்கள் எழுதியிருந்தீர்கள், தெரியும்.

கடித்துவிட்டான்.

பெருவிரலுக்குக் கீழே. கவ்வினான், நான் எலி இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டான். டீக்கன் ஒருவன் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னேன். பிறகு உங்கள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கையைப் பார்த்தேன். ப்ளாக்பெர்ரி முள் கீறினால் வருமே, அவ்வளவு ரத்தம். வலிகூட இல்லை. சின்ன வயதிலிருந்து இதற்குத்தான் பயந்தேன். இதற்குத்தான் மண்வெட்டி. எத்தனை அடித்தேன் என்று கணக்கு இல்லை. அதில் எத்தனைக்கு வயிற்றில் கட்டம் இருந்திருக்கும்? நான் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

இவ்வளவுதானா என்று எனக்கு வந்த கோபத்தில், உங்கள் சமையலறையில் தனியாக நின்று கத்தினேன். அவன் மரப் பெட்டிக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

தண்ணீர் மாற்றிவிட்டேன். தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். வந்து சேருங்கள்.

ஹோய்ட்